உள்ளே கை வைக்காத அக்கா

கெடாவில், அலோர் ஸ்டாரின் மெர்கோங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. எண்பதுகளின் பிற்பாதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கரண்ட் அடித்தது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் பிளக்குக்கு இரண்டு கால்; சுவரிலோ மூன்று ஓட்டை. இந்த நாட்டில் பிறந்த எவனும் செய்வதையே நானும் செய்தேன். மேல் ஓட்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு கீழே பிளக்கைத் திணித்தேன். பேனா உலோகப் பேனா. அந்தக் கட்டடத்தில் எந்த ஒயர் எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்பது கட்டியவனுக்கே தெரியாது. நான் "அம்மா" என்று அலறியதாக ஆபீஸில் சொல்வார்கள். புனித அந்தோணியாரைக் கூப்பிட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

ஆபீஸில் புரோகிராம் எழுதும் அக்கா தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை அடாப்டரை எடுத்தார். ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் இரண்டு ஓட்டை. அதைச் சுவரில் பொருத்தி, அதில் கேத்தலைப் பொருத்தினார்.

"தம்பி, செவுத்தையும் குத்தக்கூடாது, கேத்தலையும் வெட்டக்கூடாது. நடுவுல ஒண்ண வச்சிடணும். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"செத்திருப்பேன்கா."

"சாகலதானே? எந்திரி."

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அலோர் ஸ்டாரில் அவரைத் தெரிந்தவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். போன் மணி அடித்தாலே இன்றும் நான் மேசைக்கு அடியில் இடம் தேடுவேன். அந்த ஆபீஸ் கொடுத்த சீதனம் அது. அக்காவுடையது யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா ரயில்வே, அப்பா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கலாம். கம்ப்யூட்டர் அறையின் ஏர்கோன் குளிருக்காகச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று போட்டிருப்பார். வெளியே வந்து வெயிலில் நின்றாலும் அதைக் கழற்றமாட்டார். கல்யாணம் ஆகவில்லை. "ஏன்கா?" என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவே இல்லை.

எங்கள் வேலை இதுதான். கெடா ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்கப் போகும் டேங்கர் லாரிகளில் எது எந்தத் தோட்டத்துக்கு எப்போது போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிகள் காலையில் போன் போட்டு, இன்று இவ்வளவு பால் வரும் என்பார்கள். அதை உள்ளே கொடுத்தால் லாரிகளுக்கான வழி வெளியே வரும். லாரி நேரத்துக்குப் போகாவிட்டால் பால் உறைந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போடும் புரோகிராமை எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். எழுதிவிட்டு, விளக்கம் என்று ஒரு வரிகூட விட்டுவைக்காமல் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அது சரியாக ஓடுகிறது என்பதைத் தவிர அதைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. அவர் எழுதிய காலத்தில் நாடு கேலனிலும் மைலிலும் அளந்துகொண்டிருந்தது. பிறகு நாடு லிட்டருக்கும் கிலோமீட்டருக்கும் மாறியது. புரோகிராம் மாறவில்லை.

அக்கா அதைத் திறக்கவே இல்லை. அதற்கு வெளியே சின்னதாக இன்னொன்று எழுதினார். கிராணி லிட்டரில் சொல்வதை அது கேலனாக்கி உள்ளே அனுப்பும். உள்ளேயிருந்து மைலில் வருவதைக் கிலோமீட்டராக்கி டிரைவரிடம் கொடுக்கும். கிராணிக்கு உள்ளே கேலன் இருப்பது தெரியாது. வெள்ளைக்காரர் புரோகிராமுக்கு நாடு மாறியது தெரியாது. இரண்டும் சந்தோஷமாக இருந்தன.

எங்கள் மேனேஜருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "இது என்னா சுத்தி வளைச்ச வேல? உள்ளயே மாத்திட்டா முடிஞ்சிச்சு" என்பார். ஒரு நாள் அக்கா தன் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு எடுத்திருந்தார். மேனேஜர் உள்ளே புகுந்தார். கேலன் என்று கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் லிட்டராக்கினார். கண்ணில் படாத இடமும் இருந்தது.

மறுநாள் காலை திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தில் வரிசையாக நாலு டேங்கர் போய் நின்றன. ஒன்று போக வேண்டிய இடம் அது. சிடாம் கிரிப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. மேனேஜர் அவசர வேலையாக எங்கோ மறைந்துவிட்டார். போன் பக்கத்தில் இருந்தவன் நான்.

"ஹலோ, யாருய்யா அது? இங்க பாலெல்லாம் கட்டிப்போச்சு. இனி கத்திய போட்டு வெட்டித்தான் வெளியாக்கணும். லாரி எங்கய்யா?"

என் மூளை அந்த நேரத்தில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, நம்பர் தப்பு என்று மலாயில் "சாலா நொம்போர்" சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி மணி.

"டேய், சாலா நொம்போரா? ஒங் கொரலு எனக்குத் தெரியாது? ஒங்கப்பன் இங்கதான் பக்கத்துல நிக்கிறான், குடுக்கவா?"

அது நான் பிறந்த தோட்டம். அது எங்கள் கிராணி. நான் மேசைக்கு அடியில் இறங்கிவிட்டேன். போன் மேசை மேலே அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வந்து, பழைய புரோகிராமைப் பதிந்துவைத்திருந்த டேப்பைப் போட்டு எல்லாவற்றையும் முன்பு இருந்தபடி ஓட வைக்கும்வரை நான் அங்கேதான் இருந்தேன். என்னை அவர் வெளியே வரச் சொல்லவில்லை. கீழே குனிந்து, "அங்க வசதியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்த மேனேஜரிடமும் சத்தம் போடவில்லை. "சார், மாத்தாம பொழைக்கிறதுக்கு எப்பவும் ஒரு வழி இருக்கு. நடுவுல யாராச்சும் கொஞ்சம் கஷ்டப்படணும், அவ்வளவுதான்" என்றார். அந்த 'யாராச்சும்' எப்போதும் அவர்தான் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. மேசைக்கடியில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடங்களில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டார்கள். சில இடத்தில் வீடு கட்ட விற்றார்கள். ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுங்கை பட்டாணிப் பக்கம் போனார்கள். வெள்ளைக்காரர் புரோகிராமுக்குள் மட்டும் அந்தத் தோட்டங்கள் அப்படியே இருந்தன. பால் வராவிட்டாலும் பழக்கதோஷத்தில் அது அவற்றுக்குக் காலையில் ஒரு லாரியை ஒதுக்கிவிடும். அக்கா மேலே இன்னொரு சின்ன புரோகிராமை உறை மாதிரிப் போட்டார். உள்ளே ஒதுக்கிய லாரியை வெளியே வரும் வழியில் அது பிடித்து நிறுத்திவிடும்.

"தோட்டத்தையே உள்ளருந்து அழிச்சிட்டா என்னக்கா?"

"அழிச்சா, அது மேல சாஞ்சிக்கிட்டு நிக்கிறது எதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. இருந்துட்டுப் போகட்டும். லாரி போகாம நான் பாத்துக்கிறேன்."

கடைசியில் என் தோட்டமும் அந்த வரிசையில் சேர்ந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள். கோயிலை நகர்த்தினார்கள். மாதா சிலையை என் அப்பாதான் மடியில் வைத்து லாரியில் கொண்டுபோனார். எங்கள் ஆபீஸில் மட்டும் தினமும் காலையில் கம்ப்யூட்டர் நான் பிறந்த இடத்துக்கு ஒரு லாரியை அனுப்பும். கண் மூடித் திறப்பதற்குள் அக்காவின் உறை அதைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளும். நான் அந்த நேரத்தில் திரையைப் பார்க்காமல் கக்கூஸ் பக்கம் போய்விடுவேன்.

இதற்கெல்லாம் பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள். தலைநகர் கேஎல்லில் ஒரு ஹோட்டலில் பயிற்சி என்று எங்களைக் கூட்டி வைத்து, மீசை சரியாக முளைக்காத ஒருவர் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்தார். புரோகிராமைச் சின்னச் சின்ன ஆப்ஜெக்டுகளாக எழுதும்போது, ஒன்றோடு ஒன்றை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதற்கான வடிவங்களாம். பொருந்தாத இரண்டுக்கு நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரியவைப்பது அடாப்டர். உள்ளே இருப்பதைத் தொடாமல் மேலே போர்த்தி ஒரு வேலையைக் கூட்டுவது டெக்கரேட்டர். உண்மையானவனை எழுப்பாமல் அவன் இடத்தில் நின்று பதில் சொல்வது பிராக்ஸி. உள்ளே எத்தனை குழப்பம் இருந்தாலும் முன்பக்கம் ஒரே ஒரு அழகான வாசலை வைப்பது ஃபசாட். "எனி கொஸ்டின், அங்கிள்?" என்று என்னைக் கேட்டார். இவர்கள் எல்லோரும் ஒரே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

அக்கா இதையெல்லாம் எங்கே படித்தார் என்பது அவர் வீட்டுக்குப் போனபோது எனக்குத் தெரிந்தது.

நீளமான பழைய வீடு. முன்னறையில் அப்பா. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. பின்னறையில் அக்காவின் தம்பி, மின்சார வேலை, ஷிப்ட் ஆள். நடுவில் சாப்பாட்டு மேசை போட்ட நடை. அப்பாவும் மகனும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. தம்பி ஒரு தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அப்பா கூடாது என்றார். அந்தப் பெண் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டது. அதோடு இரண்டு கதவும் மூடிக்கொண்டன.

அப்பா என்னை மரியாதையாகத்தான் விசாரித்தார். "தம்பி எந்தத் தோட்டம்?"

"சிடாம் கிரிப் பக்கம், ஐயா."

"ஓ. பரவாயில்லை."

எது பரவாயில்லை என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னறையில் ரேடியோ சத்தம் கேட்டது. அப்பா முகத்தைச் சுளித்தார். "பிள்ளை, அந்தக் கழுதை ரேடியோவை நிப்பாட்டுமோ, இல்லை நான் செத்தாப் பிறகுதான் நிப்பாட்டுமோ எண்டு கேள்."

அக்கா நடையைத் தாண்டிப் போனார். பின்னறையில் அவர் குரல் கேட்டது. "டேய், அப்பாவுக்குத் தல வலிக்கிதாம். கொஞ்சம் கொறச்சிக்கிறியா?"

"அவருக்கு எப்பதான்லா தல வலிக்கல? ஒலகமே அவருக்குத் தலவலி. கொறச்சிட்டேன், போ."

திரும்பி வந்தார். "குறைச்சிட்டான் அப்பா. நீங்கள் மருந்து குடிச்சீங்களோ எண்டு கேட்டவன்."

முன்னறையில் யாழ்ப்பாணம், பின்னறையில் கெடா. நடை நடுவில் எங்கோ ஓரிடத்தில் அவர் நாக்கு மாறிக்கொள்ளும். சில நேரம் பின்னறை வரை போகவே மாட்டார். மேசையருகே கொஞ்சம் நின்றுவிட்டு, பதிலோடு முன்னறைக்குத் திரும்பிவிடுவார். நான் புருவத்தைத் தூக்கினால், "நேத்து சொன்னதத்தானே இன்னைக்கும் சொல்லப்போறான், எதுக்கு அவன எழுப்பிக்கிட்டு?" என்பார். ஆனால் ஒன்று. காரத்தை எடுப்பார், கரடுமுரடைத் தேய்ப்பார், ஒரு விசாரிப்பைத் தன் பங்குக்குச் சேர்ப்பார். ஆம் என்றதை இல்லை என்றோ, இல்லை என்றதை ஆம் என்றோ அவர் கொண்டுபோய்க் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அலுக்கலயாக்கா?"

"ரெண்டு பேரும் நல்லவங்கதான் தம்பி. பொருந்தல, அவ்வளவுதான்."

பிறகு கேஎல் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. அலோர் ஸ்டார் கிளையின் புரோகிராம் யாருக்கும் புரியவில்லை. அங்கே இருப்பவர்கள் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி இருந்தால் கிளை பிழைக்கும். இல்லாவிட்டால் மூடிவிட்டு வேறு ஏற்பாடு. பார்க்க ஆள் வருவார்.

நான் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அப்பாவையும் அம்மாவையும் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து வாடகை வீட்டில் வைத்திருந்தேன். மேனேஜர் வேறு வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தார். அக்கா மட்டும் உட்கார்ந்து எழுதினார். வெள்ளைக்காரர் உள்ளே. அவரைச் சுற்றிக் கேலன் உறை, இல்லாத தோட்டங்களின் உறை, மழைக்கு ஒன்று, பாலம் உடைந்த வழிக்கு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சுத்தமாகப் பெருக்கிய முற்றம் மாதிரி ஒரு திரை. நாலைந்து பட்டன். தோட்டம், பால், சரி. அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்ற வாடைகூட வெளியே வராது.

"இந்த ஆபீஸ் இருக்கணும் தம்பி" என்று வேலையின் நடுவே ஒரு தடவை சொன்னார். "இங்கதான் நான் செய்யிறது வேலன்னு பேரு."

கேஎல்லிலிருந்து வந்தவர் டை கட்டிய தமிழர். நான் வியர்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அவர் ஒரு பட்டனைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். திரையில் லாரிகள் வரிசையாக வந்து நின்றன.

"அட! இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்" என்றார் அக்கா. முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"எம் பொண்ணுகூட ஓட்டிடுவா போலிருக்கே!" மறுபடி தட்டினார். சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் அறையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இங்க இத்தன பேரு என்னா பண்றீங்க?"

பதில் முழுவதும் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது. அங்கே எவரும் பார்க்கக்கூடாது என்றுதானே அக்கா அத்தனை பாடுபட்டு மூடினார்?

கிளை மூடப்பட்டது. கேஎல்லிலேயே உட்கார்ந்து பட்டனைத் தட்டிக்கொள்வார்களாம். எனக்கு ஒரு கைகுலுக்கல் கிடைத்தது. அக்காவை மட்டும் அந்த டைக்காரர் தனியாகக் கூப்பிட்டு, அங்கே வந்துவிடும்படி கேட்டார்; பெரிய வேலை, புதிய மெஷின், தனி அறை. அக்கா வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் போனில், "வீட்டுல விடல, சார்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் நம்பினார்கள். யாழ்ப்பாணத்துக் கிழவரைத் தெரிந்தவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? அதற்கு முந்திய மத்தியானம் அந்த வீட்டில் இருந்த வெளியாள் நான் ஒருவன்தான்.

அவர் மேசைச் சாமான்களைப் பெட்டியில் போட்டு நான்தான் என் ஓட்டைக் காரில் கொண்டுபோனேன். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு அறைக் கதவும் திறந்திருந்தன. பேசுவதெல்லாம் கேட்டது.

முன்னறையில் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"நல்லதுதானே பிள்ளை" என்றார் அப்பா. "போ. இஞ்ச கிடந்து என்ன செய்யப் போறாய்? கண் தெரியாட்டி என்ன, சோறு வாய்க்குப் போற வழி எனக்குத் தெரியும். அவனிட்டயும் கேள். கேட்டு..." தொண்டையைச் செருமினார். "இனிமேல் நானே அவனோட கதைக்கிறன் எண்டு சொல்லு. உன்னை நடுவில வைச்சு வருத்தினது போதும்."

நாற்காலியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா என்னைக் கடந்து பின்னறைக்குப் போனார்.

"கேஎல்லுல வேல குடுக்கிறாங்கடா."

"போக்கா! நல்ல வேல. அப்பா என்னா சொன்னாரு?"

"விடமாட்டேங்கிறார்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"விடமாட்டாரா? எத்தன வருசம்லா நீ இப்படியே நிப்ப?" தம்பியின் குரல் உயர்ந்து, பிறகு தாழ்ந்தது. "சரி. நான் அவருகிட்ட பேசுறேன். நெசமாதான்கா. நானே வந்து பேசுறேன்னு சொல்லு. ஒன்னய அனுப்பச் சொல்லிக் கேக்குறேன்."

"இரு. கேட்டுட்டு வர்றேன்."

அக்கா நடைக்கு வந்தார். மேசையருகே நின்றார். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இவர்கள் இருவரும் நேரே பேசிக்கொண்டால் இந்த நடையில் நிற்க ஆளே தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து ஏதாவது ஒரு அறைக்குள் ஓடிக் கத்திவிடலாம். எந்த அறைக்குள் என்றுதான் தெரியவில்லை. அதற்குள் அவர் முன்னறைக்குள் போய்விட்டார்.

"தம்பி வேண்டாம் எண்டு சொல்லுறான், அப்பா."

"ஓ." நாற்காலி கிரீச்சிட்டது. "நான் சொன்னதைச் சொன்னியோ?"

"சொன்னனான்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அப்பா."

மறுபடி நடை. மறுபடி பின்னறை. "அப்பா தூங்கிட்டார்டா. இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம்." பின்னறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அக்கா அடுப்படிக்குப் போனார். கோப்பி கலக்கும் கரண்டிச் சத்தம், எப்போதும் போல நிதானமாக. கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கம்பளிச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சீனி போதுமா, தம்பி?"

ஒரு மடக்குக் குடித்தேன்.

"போதும்கா" என்றேன். அதில் சீனியே இல்லை.